கல்குட்டையில் குதித்த ஹேமாவதி

ஹேமாவதி நீச்சல் பழகியது பல்லாவரத்துக்குப் பின்னால் இருக்கும் கல்குட்டையில். கல் உடைத்து முடித்துக் கைவிட்ட குவாரி அது. மழைத்தண்ணீர் தேங்கி, பனை ஆழத்துக்கு நிற்கும். அம்மா விளக்குமாறோடு துரத்தினாலும் சாயங்காலம் ஈரத்தலையோடுதான் வீட்டுக்கு வருவாள்.

பள்ளிப் போட்டியில் ஜெயித்தாள். பிறகு மாவட்டம், மாநிலம். நீச்சலிலும் சரி, உயர மேடையிலிருந்து பாய்வதிலும் சரி, சில வருஷங்கள் அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. தேசியப் போட்டிக்கான பயிற்சியில் ஒருநாள் பாய்ந்து எழுந்தபோது, இடது கண்ணில் கறுப்புத் திரை இறங்கியது. விழித்திரை கிழிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "நீந்தலாம். உயரத்துல இருந்து குதிக்கவே கூடாது. இன்னொரு தடவை போனா பார்வை திரும்பாது."

அதன்பின் கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். செல்போன் கடை வைத்திருந்த உதயாவைக் கல்யாணம் செய்துகொண்டு, கல்குட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாள்.

போன வருஷம் கோடை விடுமுறையில், குட்டைப் பக்கமிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுத்த தெரு எல்லம்மா பாறை விளிம்பில் மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் விக்கி முழுகி ஐந்தாறு நிமிஷம் ஆகியிருந்தது. தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை.

"ஹேமா, எம்புள்ள உள்ள கீறான்! நீதான் சாம்பியனாச்சே, எறங்கு தாயி!"

இறங்கும் வழி சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதற்குள் உயிர் போய்விடும். ஹேமாவதி செருப்பைக் கழற்றினாள், பாறையிலிருந்து குதித்தாள்.

முதல் முழுக்கில் வலப்பக்கம் துழாவினாள். வெறும் கல். அடுத்த முழுக்கில் இடப்பக்கம் போனபோது சட்டை கையில் சிக்கியது. கரைக்கு இழுத்து வந்து நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். விக்கி கண் திறக்கவே இல்லை.

"சாம்பியன்னு சொன்னாங்களே... உன்னாலயும் முடியலியே!" எல்லம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மறுநாள் விடிந்தபோது இடது கண் முழுக்க இருட்டு. ஆஸ்பத்திரியில் உதயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நான் அங்க இருந்திருந்தா உன் கையைப் பிடிச்சு நிறுத்தியிருப்பேன்" என்றான்.

"தெரியும். அதான் உனக்குப் போன் பண்ணல."

கண் போனதைவிட வேறொன்றுதான் அவளை அரித்தது. முதலிலேயே இடப்பக்கம் போயிருந்தால்? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒற்றைக் கண்ணோடு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று குடியிருப்புக்காரர்கள் நயமாகச் சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தண்ணீர்ப் பக்கமே போகாமல் வீட்டோடு கிடந்தாள்.

தீபாவளி கழிந்து எல்லம்மா வந்தாள். கூடவே மகள் ஸ்நேகா.

"அன்னிக்கு வாய்க்கு வந்தத பேசிட்டேன், மனசுல வச்சிக்காத. இவளுக்கு நீச்சல் கத்துக்குடு."

"அந்தக் குட்டைக்கு யாருமே போகக்கூடாதுக்கா."

"நான் சொன்னா கேக்குதுங்களா? வெயில் வந்தா பசங்க எல்லாம் அங்கதானே கீது. இது ஒண்ணாவது பொழைக்கட்டும்."

ஹேமாவதியால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்நேகாவைப் பொது நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனாள். படிவரை வந்ததும் கால் நகரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்நேகா கம்பியைப் பிடித்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வரலியாக்கா? எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு ஹேமாவதி இறங்கினாள். அன்றைக்கு இருவரும் நீந்தவில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து எடுக்க மட்டும் பழகினார்கள். அடுத்த வாரமும் போனார்கள்.

இப்போது ஸ்நேகா குளத்தின் பாதி தூரம் நீந்துகிறாள். குட்டைக்கு இன்னும் வேலி போடவில்லை. இந்தக் கோடையிலும் பையன்கள் பாறையிலிருந்து குதிக்கிறார்கள். சிரித்துக் கூச்சல் போட்டால்கூட ஹேமாவதி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடிவந்து பார்க்கிறாள்.