ஒரு வேப்பம் பலகையும் ஊர்ப்பட்ட ஆலோசனையும்

கடந்த ஞாயிறு மத்தியானம் தர்மபுரத்தில், என் சித்தப்பாவின் மகள் சாந்தி வீட்டில், சோற்றில் கை வைத்த நேரம் வெளியே 'படார்' என்று ஒரு சத்தம்.

யுத்தம் கண்ட எங்கள் பக்கத்தில் இப்படிச் சத்தம் கேட்டால் யாரும் உடனே எட்டிப் பார்ப்பதில்லை. முதலில் குனிவோம். குனிந்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழியச் சிரித்துவிட்டு வெளியே போனால்... வெடித்தது பலகை!

சாந்தி தையல்காரி. பள்ளிச் சீருடை தைப்பதுதான் சீவியம். இத்தனை வருடமும் துணி வெட்டியது நிலத்தில், முழங்காலை ஊன்றித்தான். இப்போது இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. "இனி நிலத்தில் இருந்து வெட்டவே கூடாது" என்றுவிட்டார் டொக்டர். ஆகவே மேசை வேண்டும். பலகைகளைப் பொருத்திய மேசை சரிவராது. பொருத்தில் துணி இழுபடும், கத்தரிக்கோல் இடறும். மூன்றடி அகலத்தில் ஒரே பலகை வேண்டும்.

வளவில் நின்ற கிழட்டு வேம்பைத் தறித்து, மரம் அறுக்கிற மரக்காலைக்கு ஏற்றினோம். இரண்டு அங்குலத் தடிப்பில் நான்கு பலகைகள் வந்தன. மேசைக்குக் காணும் மூன்றடி அகலம் இருந்தது இரண்டில் மட்டுந்தான்.

அறுத்த மனிதர் படித்துப் படித்துச் சொன்னார்.

"உது பச்சை மரம். நிழலுக்குள்ளை, இடையிலை மரச்சட்டம் வைச்சு அடுக்குங்கோ. காத்து ஊடாலை போகோணும். வெட்டு முனையளுக்குப் பெயின்ற் பூசுங்கோ. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருசம் காயோணும்."

அப்படியென்றால் இரண்டு வருடம்! காணிப் பத்திரத்துக்காக அரசாங்கக் கந்தோர் வாசலில் பத்து வருடம் வாய் திறக்காமல் நிற்கிற ஆட்கள் நாங்கள். ஆனால் ஒரு பலகைக்கு இரண்டு வருடமா? அதெப்படி முடியும்?

ஆலோசனைச் சபை கூடியது. தலைவர் — வேறு யார், நான்தான். போனில் மூன்று வீடியோ பார்த்திருந்தேன். இரண்டில் பாஷை விளங்கவில்லை, அதனால் என்ன? பக்கத்து வயல்காரர் பரமு அண்ணை தீர்ப்பே வழங்கிவிட்டார்.

"நெல்லுக் காயப்போடுற தளம் சும்மாதானே கிடக்கு. ஆக அகலமானதை முதல் இழுத்துப் போடுங்கோ. நாலு வெய்யில் காணும். பின்னேரத்திலை ஒருக்காப் பிரட்டி விடுவம்."

சாந்திதான் தயங்கினாள். "நிழல் எண்டெல்லோ அவர் சொன்னவர்?"

"அவருக்கு அறுக்கத்தான் தெரியும் தங்கச்சி. காயவைக்கிறது எங்கடை தொழில்" என்றேன். நான் வாழ்க்கையில் ஒரு மூடை நெல்கூடக் காயவைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

பலகையைத் தளத்தில் போட்ட மூன்றாம் நாள்தான் அந்தப் 'படார்'. ஒரு முனையிலிருந்து நடுப்பகுதி வரை விரல் நுழைகிற வெடிப்பு. மிச்சப் பகுதி, பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

உடனே காரணம் தேடத் தொடங்கினோம். "வளர்பிறையிலை தறிச்சிருப்பியள்" என்றார் பரமு அண்ணை. "வேம்பு உள்ளுக்குப் பழுது" என்றேன் நான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அன்று மேடையில் நாங்கள் இரண்டு பேர்!

தர்க்கம் முடிந்து உள்ளே வந்தால்... சாந்தி நிலத்தில் துணியை விரித்து, வீங்கிய முழங்காலை ஊன்றி, சீருடை வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைத் திட்டியிருந்தாலாவது நன்றாயிருந்திருக்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது — உண்மையான வெட்கம்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? எங்கள் ஊரில் ஆலோசனை சொல்கிறவனுக்கு ஒருபோதும் முழங்கால் வலிப்பதில்லை.

நேற்று மறுபடி போனேன். மரக்காலைக்காரரைத் தானே கூப்பிட்டு, மிஞ்சிய மூன்று பலகைகளையும் கொட்டிலுக்குள் அடுக்குவித்திருந்தாள் சாந்தி. முனைகளில் நீலப் பெயின்ற். மேசைக்கு உதவக்கூடியது இனி ஒன்றே ஒன்று. அதற்கும் இரண்டு வருடம். அதுவரை முழங்கால்தான்.

நான் சும்மா இருந்தேனா? கொட்டில் வாசலில் இடுப்பில் கைகளை ஊன்றி நின்று, "சட்டத்துக்கு இடையிலை இன்னும் கொஞ்சம் இடைவெளி..." என்று தொடங்கினேன்.

எதிரே திண்ணையில் துணி வெட்டிக்கொண்டிருந்த சாந்தி தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணை, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லுங்கோ. பலகைக்குக் காத்து வரேல்லை."