கிளையை மட்டும் கேட்டவர்

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைகல்லுக்குப் பக்கத்தில், மீன் வெட்டுவதற்கென்று ஒரு புளியங்கட்டை கிடக்கிறது. வட்டமான கட்டை. கத்தி பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருந்தாலும், ஓரத்துப் பட்டை இன்னும் உதிரவில்லை. போன வாரம் ஒரு நாள் துவைகல்லில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்வளம் படித்த என் மகள் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே சாலைமறியல் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவில்லை. பஸ் நிலையத்தில் காத்திருந்து பார்த்துவிட்டு, வீடு திரும்பி அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தாள், பசிக்கிறது என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வருகிற திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டிய இடம், என் இளமையில் நான் வேலை பார்த்த அதே முகத்துவாரம். போகவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

அந்தக் கட்டையை எனக்குக் கொடுத்தவர் எங்கள் ஆய்வாளர். அப்போது கள்ளக்குறிச்சியும் கடற்கரையும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. வெள்ளாறு கடலைத் தொடுகிற இடத்தில் மீன்துறைக்குச் சின்னதாக ஓர் அலுவலகம் இருந்தது. அதில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். ஆய்வாளர் எனக்குச் சற்று முன்புதான் அங்கே வந்திருந்தார். களமருதூர்ப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பத்துப் பெண். கடலை வேலைக்கு வந்த பிறகுதான் முதன்முதலாகப் பார்த்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். குப்பத்து மீனவர்களுக்கு அவர் இன்ஸ்பெக்டரம்மா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் பெய்கிற மழை கோமுகியிலும் மணிமுக்தாவிலும் இறங்கி வெள்ளாற்றில் சேர்ந்து அங்கே வந்துதான் உப்புநீரில் கலக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்ததும் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால், "வெள்ளிமலையில நல்ல மழ போலருக்கு" என்பார். ஊரிலிருந்து கடிதம் வந்தது போல எங்கள் இரண்டு பேருக்கும் அன்று மனம் லேசாக இருக்கும்.

முகத்துவாரத்தின் தென்கரையில் அலையாத்திக் காடு இருந்தது. இறால் குஞ்சுகளும் மடவைக் குஞ்சுகளும் கடலிலிருந்து ஏறி வந்து, அந்த மரங்களின் வேர்ச் சந்துகளில் ஒளிந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். காட்டுக்குள் ஓடும் ஓடைகளில் கொசுவலையைப் போட்டு வழித்துவிட்டால், அடுத்த பருவத்தில் கடலில் வலை வெறுமையாகத்தான் வரும். இதை எங்கள் துறை பலகை எழுதி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் பலகையை நம்பவில்லை. அந்த ஓடைகளை அவர் நாற்றங்கால் என்றே அழைத்தார். நாற்றங்காலில் யாராவது மாடு விடுவார்களா என்று குப்பத்துப் பஞ்சாயத்தில் கேட்டார். நாற்றங்காலைப் பார்த்தே இராதவர்கள் அவர்கள். ஆனாலும் அந்தப் பேச்சு அவர்களுக்குப் பிடித்திருந்தது. குஞ்சு ஏறும் மாதங்களில் ஓடைக்குள் வலை இறக்குவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

அதற்கு அடையாளம் வைக்கப் போய்த்தான் அவர் சறுக்கினார். எங்கள் பக்கத்தில் ஒரு வயலில் ஆடு மாடு இறங்கக்கூடாது என்றால், குச்சியில் வைக்கோல் பிரியைச் சுற்றி வரப்பில் நட்டுவிடுவார்கள். அவரும் ஊரிலிருந்து ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து, ஓடை வாய்களில் மூங்கில் ஊன்றிக் கட்டினார். கருவாடு விற்கும் கிழவி ஒருவர், குப்பத்தில் எல்லோரும் ஆத்தா என்று கூப்பிடுகிறவர், இடுப்பில் கூடையோடு நின்று பார்த்தார். "இன்னா இன்ஸ்பெக்டரம்மா, கடல்ல நடவு நட்டுக்கினு இருக்கீங்களா?" என்றார். அந்தப் பௌர்ணமிக் கடல் ஏற்றத்தில் வைக்கோல் முழுவதும் அவிழ்ந்து, குப்பத்து வாசல் வரைக்கும் மிதந்து போய் ஒதுங்கியது. வரப்பில் தண்ணீர் ஏறி இறங்காது என்பதால் அது அவருக்குத் தோன்றவே இல்லை. ஊரே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் போய்ப் பார்த்தால், அதே மூங்கில்களில் கிழிந்த வலைத் துண்டுகளைக் குப்பத்தார் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். யாரும் அவர்களிடம் கட்டச் சொல்லவில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. அதில் ஒரு வாரம் மாவட்டம் முழுவதும் சாலைகளை மறித்தார்கள். சாலையோரத்துப் புளியமரங்கள் வெட்டப்பட்டுக் குறுக்கே கிடந்தன. பல வீடுகளில் உயிர்கள் போன வாரம் அது. குப்பத்துக்கு ஐஸ் வரவில்லை, மீன் ஏற்றும் லாரி வரவில்லை, சவுக்கு விறகும் வரவில்லை. விற்காத மீனை உப்பில் போட்டார்கள். அடுப்புக்குத்தான் ஒன்றும் இல்லை. பெண்கள் கொடுவாளோடு அலையாத்திக் காட்டுக்குள் இறங்கினார்கள். நாங்கள் போனபோது கரையோரத்தில் நாலைந்து மரங்கள் சாய்ந்திருந்தன. ஆய்வாளர் தடுக்கவில்லை, பேசத் தொடங்கினார். ஆத்தா நிமிர்ந்து பார்த்தார்.

"மீன் குஞ்சுக்கு வூடு வேணும்னீங்க, செரின்னோம். எங்க வூட்டு அடுப்புல இன்னாத்த வெக்கறது? அதையும் நீங்களே சொல்லிடுங்க."

ஆய்வாளரிடம், வனத்துறைக்குச் சொல்லி அனுப்பலாமா என்று நான் மெல்லக் கேட்டேன். காவலர்கள் வந்தால் ஆத்தாவைப் பிடிப்பார்கள், அன்றோடு இந்த ஓடையை யாரும் காக்கமாட்டார்கள் என்றார். அப்படியே விட்டால் சில நாட்களில் கரையோரம் மொட்டையாகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். பெண்களிடம் அன்று மாலை வரைக்கும் மட்டும் பொறுக்கச் சொன்னார். என்னிடம் சைக்கிளை எடுக்கச் சொன்னார்.

எங்கே போகிறோம் என்று தெரிந்தபோது, திரும்பிவிடலாம் என்றேன். உள்நாட்டுப் பக்கம் போகும் சாலையில், முதல் புளியமரம் கிடந்த இடத்தில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்கள் சிவந்திருந்தன. அரசாங்க ஆள்கள் என்றதும் இளைஞர்கள் எழுந்து, திரும்பிப் போய்விடுங்கள் என்றார்கள். நான் சைக்கிளைத் திருப்பியே பிடித்திருந்தேன். ஆய்வாளர் தன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். களமருதூர்ப் பக்கம் தன் ஊர் என்றார். குப்பத்துக்கு விறகு இல்லாததைச் சொன்னார். சாலையைத் திறக்கும்படி அவர் கேட்கவில்லை. எதற்காக மறிக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

"மரம் ஒங்களோடதாவே இருக்கட்டுங்க. கெளைய மட்டும் குடுங்க."

கூட்டத்தில் மூத்தவராக இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை உதறிக்கொண்டே சிரித்தார். "போலீசு மரத்த தூக்க வருது, நீ கெளைய கேக்க வந்துட்டியாம்மா. லாரிய நிறுத்தறது மரந்தான? கெள கெடந்தா இன்னா, போனா இன்னா. எடுத்துக்கினு போங்க."

மீன் கூடை ஏற்றும் தள்ளுவண்டிகளோடு குப்பத்து ஆண்கள் வந்தார்கள். முதலில் ஒதுங்கி நின்ற இளைஞர்களே பிறகு கோடாலியை எடுத்துக் கிளை கழித்துக் கொடுத்தார்கள். மறுநாள் அதே வண்டிகளில், விற்காமல் கிடந்த மீன் குழம்பாகி, அண்டாவில் மறியல்காரர்களுக்குப் போனது. பச்சைப் புளி விறகு சரியாக எரியாமல் குப்பம் முழுவதும் புகைந்தது. புகையிலேயே எங்களைக் கொன்றுவிடுவீர்கள் என்று ஆத்தா நாள்தோறும் ஆய்வாளரை ஏசினார். கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் ஏசினார், ஆனால் கொடுவாள் கூரையில் செருகியபடியே இருந்தது. கரையோரத்தில் முதல் நாள் சாய்ந்தவை தவிர ஒரு மரமும் போகவில்லை.

மறியல்காரர்களோடு என்ன பேச்சு என்று மேலிடத்தில் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். விறகு கேட்டேன் என்று பதில் சொன்னார், அதோடு விட்டுவிட்டார்கள். சைக்கிளில் திரும்பும்போது நானும் கேட்டிருந்தேன், எந்தத் தைரியத்தில் போனீர்கள் என்று. "பயந்துக்கினுதான் போனேன். அவங்களுக்கு வேண்டியத கேட்டா சண்ட. வேணாங்கறத கேட்டா குடுப்பாங்க" என்றார். இத்தனை வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். ஆணை போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எதைக் கேட்கலாம் என்று தெரிந்தவராக அவர் ஒருவரைத்தான் கண்டேன். சாலை திறந்தபோது அடிமரத்தை அறுத்தவர்கள் அவருக்கு இரண்டு வட்டம் அறுத்துத் தந்தார்கள். ஒன்று ஆத்தாவுக்குப் போனது. மற்றொன்றை, நான் மாற்றலாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது, கத்தி மழுங்காது என்று சொல்லி என் பெட்டிமேல் வைத்துக் கட்டினார்.

இந்த வாரம் முழுவதும், போகவேண்டாம் என்ற சொல் என் நாக்கிலேயே இருந்தது. நேற்றுக் காலை மகள் அந்தக் கட்டையில் கெண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். மறியலிலிருந்து எப்படி வந்தாய் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. அதுவரை திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"பஸ்ல ஒரு புள்ளத்தாச்சி இருந்தாங்கப்பா. எறங்கிப் போயி மறியல் பண்றவங்ககிட்டயே கேட்டேன். பஸ்ஸ விட மாட்டோம்னாங்க. பஸ் வேணாம், ஓரமா நிக்குதே, அந்த டிராக்டர குடுங்கன்னேன்" என்றாள், செதிலைத் தட்டிக்கொண்டே. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அதே டிராக்டரில்தான் வீடு வந்திருக்கிறாள்.

ஆய்வாளரைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. நேற்றுத்தான் சொன்னேன். மீன் முழுவதும் வெட்டி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நான் கட்டையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் சாய்த்து வைத்தேன். நாளைக்குள் காய்ந்துவிடும். திங்கட்கிழமை அவள் பெட்டிமேல் வைத்துக் கட்ட வேண்டும்.