அஞ்சாத மேயர்

ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து வசனங்கள் தந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது நாலாவது: "அவர் எதற்கும் பயந்ததில்லை." டெனிஷில் அது ஆறே சொற்கள். முதல் மூன்று பேருக்கும் நீளமான வசனங்கள், அதிலும் ஒருத்திக்குப் பாலம், பாடசாலை, நீச்சல் குளம் என்று அவர் கட்டுவித்த எல்லாமே வந்து விழுந்திருந்தன. ஆறு சொல்லுக்காக நான் மேடை ஏற வேண்டுமா என்று எனக்குள் ஒரு குறை இருந்தது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. ஹேர்னிங் என்ற டெனிஷ் பட்டணத்திலிருந்து காரில் அரை மணித்தியாலம் தள்ளி, ஒரு சிறிய நகரத்தில் இருந்தோம். அந்த நகரத்துக்கு ஒரு காலத்தில் பெண் மேயர் ஒருவர் இருந்திருக்கிறார். சுற்றுவட்டாரத்திலேயே அவர்தான் முதலாவது. சுருட்டுப் புகைக்கு நடுவே பதினெட்டு ஆண்களோடு ஒற்றைப் பெண்ணாக அவர் உட்கார்ந்திருக்கும் படம் நூலகத்தில் பெரிதாகத் தொங்கியது. அவர் இறந்து இரண்டு வருடத்தின் பின், நகரசபை அவருக்காக ஒரு கிழமையை ஒதுக்கிக் கொண்டாடியது. படக் கண்காட்சி, பழைய தோழர்களின் பேச்சு, நகரசபை முன்றலுக்கு அவருடைய பெயர், கடைசி நாளான சனிக்கிழமை வெண்கலச் சிலை திறப்பு. எங்கள் வசனங்கள் சிலைக்கு முன்னால்.

வசனத்தைப் பாடமாக்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார்.

"அது சரியில்லை, பிள்ளை. அவ நல்லாப் பயந்தவா."

அம்மா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தார். அந்த மேயர் தன் கடைசி இரண்டு வருடங்களை அங்கேதான் கழித்தார். அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சக்கர நாற்காலியில் இருத்தியது அம்மா. எனக்கு அது தெரியும், ஆனால் படத்தில் இருந்த பெண்ணையும் அம்மா குளிப்பாட்டிய கிழவியையும் நான் ஒரே ஆளாக நினைத்துப் பார்த்ததில்லை.

"எனக்கு அவவே சொன்னவா. ஒவ்வொரு கூட்டத்துக்கும் போக முதல் சத்தி எடுத்துப்போட்டுத்தான் போறவாவாம். அத்தினை வருசமும்."

உங்களுக்கு ஏன் சொன்னார் என்று டெனிஷில் கேட்டேன். அம்மா தமிழில் கதைப்பார், நான் டெனிஷில் பதில் சொல்வேன், எங்கள் வீட்டு வழக்கம் அது.

"சும்மா. கதையோடை கதையா," என்று சொல்லிவிட்டு அம்மா மடித்த துணியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வகுப்பு ஆசிரியையிடம் போய், என் வசனம் பிழை, மாற்ற வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். எல்லாம் நகரசபைக்கு அனுப்பியாகிவிட்டது, தாளில் உள்ளபடி சொன்னால் போதும் என்றார். உண்மையைச் சொல்லவே நான் துடித்தேன் என்று இப்போது எழுத ஆசைதான். ஆனால் எனக்கு வேறொன்றும் இருந்தது. மற்ற நால்வரும் தாளில் இருந்து படிக்கப்போகிறார்கள். என்னிடம் மட்டும் தாளில் இல்லாத ஒன்று இருக்கிறது.

சனிக்கிழமை நல்ல காற்று. சிலையைப் போர்த்திய வெள்ளைத் துணி படபடவென்று அடித்தது, நாலு மூலையிலும் ஆட்கள் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்றல் நிறையச் சனம். கையில் காகிதக் கொடிகள். மூன்றாம் வரிசையில் அப்பாவும் அம்மாவும். அம்மா இருக்கிறதிலேயே நல்ல சேலையை உடுத்து, மேலே குளிர்ச் சட்டை போட்டிருந்தார்.

மூன்று பேர் சொல்லி முடிந்ததும் ஒலிவாங்கி என்னிடம் வந்தது. நான் தெளிவாகத்தான் சொன்னேன். அவர் எதற்கும் பயந்ததில்லை என்று இந்தத் தாளில் இருக்கிறது, அது பிழை, அவர் பயந்தார், ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் வாந்தி எடுத்தார், அவரைப் பராமரித்த என் அம்மாவிடம் அவரே சொல்லியிருக்கிறார் என்றேன். அதோடு நிற்காமல், அம்மா எங்கே நிற்கிறார் என்று கையாலும் காட்டினேன்.

ஒருவர் சிரித்தார். பிறகு இரண்டு மூன்று பேர். பிறகு ஒருவரும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற பையன், அவரை என்றும் மறக்கமாட்டோம் என்று அவசரமாகச் சொல்லி முடித்தான். துணியை இழுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை. கொஞ்சம் தள்ளி நின்ற முதியோர் இல்ல மேலாளர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

"விடுமப்பா. பிள்ளை தெரியாமல் சொன்னது."

"தெரிஞ்சுதான் சொன்னவள்," என்றார் அம்மா. அது உண்மை.

திங்கட்கிழமை மேலாளர் அம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்தார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டேன்: டௌஸ்ஹெட்ஸ்பிளிக்ட். முதியோர் இல்லத்தில் ஒருவர் சொன்னது அந்த வாசலைத் தாண்டக் கூடாது, அவர் இறந்த பிறகும் கூடாது. அம்மா வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வைத்த தாளில் அது இருந்ததாம். இனி மேலிடத்தில் கேட்டுத்தான் முடிவு சொல்வார்களாம். எழுத்தில் எச்சரிக்கை வரலாம். அதைவிடப் பெரிதாகவும் வரலாம்.

நான் போய், எல்லாம் நானாகக் கட்டிய கதை என்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"இனி நீ ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லவேண்டாம். சொன்னது காணும்."

அன்று குசினியில் அப்பாவிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது என் அறைக்குக் கேட்டது.

"வேலை போனால் வேறை தேடலாம். அது எனக்குச் சொன்ன கதையப்பா. வேலைக்கு வந்த முதல் கிழமை, அவையள் கதைக்கிறது ஒண்டும் விளங்காமல் அவவின்ரை குளியலறைக்கை நிண்டு அழுதனான். அண்டைக்கு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவா. மற்ற ஆருக்கும் சொல்லேல்லை எண்டவா."

சொல்லும்போதே அம்மா அழத் தொடங்கினார். வேலை போனால் போகட்டும் என்கிறாரே, பிறகு எதற்காக அழுகிறார் என்று நான் யோசித்தேன். அதற்குப் பிறகு நாலு நாளும் அம்மா எனக்குச் சோறு போட்டார், தலை இழுத்துப் பின்னினார், பாடசாலைக்கு அனுப்பினார். கதைக்க மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். சிலை திறப்பில் முன்வரிசையில் இருந்த உயரமான பெண், அறுபது வயதிருக்கும். மேயரின் மகள். ஒரு கையில் பூ, மற்றக் கையில் பேக்கரிப் பை. வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். பெருவிரலடியில் காலுறை ஓட்டை. மேயருடைய மகளின் காலுறையிலும் ஓட்டை இருக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி.

முதியோர் இல்லத்துக்குத் தானே போன் எடுத்துக் கதைத்துவிட்டதாகச் சொன்னார். குடும்பத்துக்கு ஒரு மனவருத்தமும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் வராது. அம்மா நன்றி சொன்னார், நாற்காலியைத் துடைத்துவிட்டு இருக்கச் சொன்னார்.

அவர் இருந்தார். சிறுவயதில் தான் எல்லாவற்றுக்கும் பயந்தவள் என்று சொன்னார். நாய், இருட்டு, வகுப்பில் கையுயர்த்துவது. உன் தாய் எதற்கும் அஞ்சாதவள் என்று ஊரே சொல்லும், தான் மட்டும் பிழையாகப் பிறந்துவிட்டதாக இந்த வயது வரை நினைத்திருந்தாராம். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்னது சரிதானே என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

பிறகு அந்தப் பெண் பூவைச் சுற்றிய காகிதத்தை விரலால் நீவிக்கொண்டே கேட்டார். தான் இருப்பது அல்பர்ட்ஸ்லுண்டில், ரயிலில் நெடுந்தூரம், ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எத்தனையோ தடவை வராமல் விட்டிருக்கிறார். தன் தாய் தனக்காகக் காத்துக்கொண்டிருந்தாரா?

"இல்லை," என்றார் என் அம்மா, டெனிஷில். "ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்குவார். என்ன கிழமை என்று கடைசியில் அவருக்குத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிறு வேலை முடிந்து வந்து அம்மா அப்பாவிடம் சொல்வதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். காலையிலேயே நல்ல உடுப்பைக் கேட்டு வாங்கி, யன்னலடிக்குத் தள்ளச் சொல்லி, சாப்பாட்டுக்கும் வராமல் வாகனத் தரிப்பிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம் அந்தக் கிழவி. ஒவ்வொரு ஞாயிறும்.

நான் வாயைத் திறந்தேன்.

"பிள்ளை," என்றார் அம்மா, திரும்பாமலே, தமிழில். "போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வை."

நாலு நாளில் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அதுதான். நான் போனேன். குசினியில் நிற்கும்போது அந்தப் பெரிய பெண் விம்மி அழுவது கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மாவின் தலை அவருடைய தோளுக்குக்கூட எட்டவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உண்மையைச் சொன்ன எனக்கு நாலு நாள் மௌனம். பொய் சொன்ன அம்மாவுக்குப் பூவும் அணைப்பும். தண்ணீர் கொதித்து அடங்கும் வரை நின்று யோசித்து, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். மேயரின் மகளுக்குக் கோபம் வந்தால் திரும்பவும் வேலைக்கு ஆபத்து. பாவம், அம்மா பயந்துவிட்டார். பயத்தில்தான் பொய் சொல்லிவிட்டார்.

மூன்று கோப்பைகளையும் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போது, நான் அவரை மன்னித்தும் விட்டேன்.