சனிக்கிழமை மூளை வகுப்பு

பெங்களூரில் மூளையை ஆராயும் ஒரு நிறுவனத்தில் அப்போது எனக்கு வேலை. பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். எலியின் மூளையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிற உதவியாளர் வேலைதான். வீடு ஓசூரில். அப்பா தொழிற்சாலை வேலைக்காக விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் நிறுவனம் அவ்வப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு மூளையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆட்களை அனுப்பும். எப்போதும் நீச்சல்குளம் வைத்திருக்கிற பள்ளிகளாகப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஒரு கூட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஊர்ப் பக்கம் மைக்ராஸ்கோப்பையே பார்க்காத பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கெல்லாம் மூளை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். "அப்படின்னா நீயே போ" என்றார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

அப்படித்தான் ராயக்கோட்டை சாலையில் இருந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்புக்குச் சனிக்கிழமை மிஸ் ஆனேன். பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை, மீதிப் பேர் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், வகுப்பில் தமிழ் பேசுவார்கள். சந்தோஷம் வந்துவிட்டால் மூன்றும் ஒன்றாக வரும். "மிஸ், நீங்க பேசுறது நாடகத்துல பேசுற மாதிரியே கீதுங்க" என்று முதல் நாளே என் தெற்கத்தித் தமிழைக் கிண்டலடித்தார்கள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கண்ணில் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது, அங்கே விழுவது நமக்குத் தெரியாது, அந்த இடத்தை மூளையே இட்டுக்கட்டி நிரப்பிவிடும் என்று ஒரு சனிக்கிழமை சொன்னேன். தாளில் ஒரு புள்ளியும் பெருக்கல் குறியும் போட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னேன். புள்ளி காணாமல் போனதும் வகுப்பே கத்தியது. அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியர் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் சுவரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். "போச்சு! சாருக்குத் தலை போச்சு!" என்று ஒருத்தி கூவினாள். அவர் பாவம், தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்படிக் கூவியவள் முன் வரிசையில் ஓரமாக உட்காரும் ஒரு பெண். கேள்வி கேட்டே என்னைச் சாகடிப்பாள். கனவில் வருகிற மாம்பழத்துக்கு வாசனை உண்டா, எறும்புக்கு மறதி வருமா என்பாள். அவள் என்றைக்கு வராமல் போகிறாளோ அன்றைக்கு வகுப்பு உப்புச் சப்பில்லாமல் போகும்.

ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். அந்த வாரம் காலைப் பிரார்த்தனையில் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டதாம். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடியதில் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று விழுந்து மண்டை உடைந்ததாம். இவர் கையிலிருந்த சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்தபடி, அவள் நினைவு திரும்பும்வரை நடுங்கிக்கொண்டு நின்றாராம்.

"இது மூணாவது தடவைங்கம்மா. மத்த பெத்தவங்க வந்து சண்டை போடறாங்க. இன்னொரு தடவை ஸ்கூல்ல வந்தா டி.சி. வாங்கிக்கப்பான்னு அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

டி.சி. வாங்கிய பெண் வீட்டில் எத்தனை நாள் சும்மா இருப்பாள்? அடுத்த தையில் கல்யாணம். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு உரக்கவே வாதாடினேன். "எனக்குப் பயமா கீதும்மா" என்றார். நல்ல மனிதர்தான், பயந்தாங்கொள்ளி. பயந்தவரிடம் கத்தி என்ன பிரயோஜனம்?

அடுத்த வாரம் அவள் வந்ததும் தனியே கூப்பிட்டு, வலிப்பைப் பற்றி வகுப்பில் பேசலாமா என்று கேட்டேன். "பேசுங்க மிஸ். எல்லாரும் பாத்துட்டாங்க, நான் ஒருத்திதான் பாக்குல" என்றாள்.

எல்லோரையும் கைகோத்து வரிசையாக நிற்கவைத்தேன். பக்கத்து ஆள் உன் கையை அமுக்கியதும் நீ அடுத்தவர் கையை அமுக்க வேண்டும். நரம்பில் சேதி இப்படித்தான் போகிறது என்றேன். அவள்தான் முதல் ஆள். சேதி அழகாகக் கடைசிவரை போயிற்று. பிறகு, "இப்ப முறை கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்துல, விடாம அமுக்குங்க!" என்று கத்தினேன். வரிசை முழுக்கக் குலுங்கி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

"வலிப்புங்கிறது இவ்வளவுதான். மூளையில கொஞ்ச நேரம் முறை தப்பிப்போகுது. தானா அடங்கிரும். சாவியும் வேண்டாம், இரும்பும் வேண்டாம், வாயில எதையும் வைக்கவும் வேண்டாம். ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சு, தலைக்கு மெத்துன்னு எதாவது கொடுத்து, கடிகாரத்தைப் பார்க்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்."

"அப்ப மாக் டிரில் வெக்கணும் மிஸ்" என்றான் பின்வரிசையில் ஒரு பையன். "எங்கப்பா கம்பெனில வெப்பாங்க. தீப்பிடிச்சா யார் யார் இன்னா செய்யணும்னு." உடனே பத்துப் பேர் ஆமாம் என்றார்கள். அப்பாக்களின் கம்பெனிகளில் நடக்கிற பயிற்சி அத்தனையும் அவர்களுக்கு அத்துப்படி. நான் ஒதுங்கிக்கொண்டேன். தலைக்குப் பை வைக்க ஒருத்தி, கடிகாரம் பார்க்க ஒருத்தி, விசில் ஊத ஒருவன், கூட்டத்தை வெளியேற்ற ஒருவன் என்று பிரித்துக்கொண்டார்கள். வெளியேறுகிறவர்கள் கூடி நிற்க வேண்டிய வேப்பமரத்தடிக்கு அசெம்ப்ளி பாயிண்ட் என்று பெயர் வைத்தார்கள். விழுகிற வேஷத்துக்குத்தான் அடிதடி. எல்லோருக்கும் நடுவில் நின்று, "சரியாவே விழுல, இன்னொரு வாட்டி விழு" என்று அதட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

இதற்கிடையே அவள் அப்பாவைக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை வேலை செய்யக் கொஞ்சம் நாள் பிடிக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

வலிப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆட்டு மூளையை வாங்கிப்போய் மேசையில் வைத்திருந்த நாள். முடிந்ததும் இதை யார் வீட்டில் வறுப்பது என்று அவர்கள் ஏலம் போட்டுக்கொண்டிருந்தபோதே அவள் பெஞ்சிலிருந்து சரிந்தாள். எனக்குக் கை கால் ஓடவில்லை; உண்மையைச் சொன்னால் அதுவரை நான் வலிப்பைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். விசில் சத்தம் கேட்டது. நான் சுதாரிப்பதற்குள் அவளை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள், தலைக்கடியில் பை இருந்தது, ஒருத்தி கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்கள் வரிசையாக வேப்பமரத்தடிக்கு நடந்தார்கள்.

விசில் கேட்டுத் தலைமை ஆசிரியர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். வாசலில் கூட்டத்தை வெளியேற்றும் பையன் இரண்டு கையையும் விரித்து அவரை மறித்தான்.

"சாவி வேணாம் சார். இங்க ஆளுங்க கீறோம். நீங்க அசெம்ப்ளி பாயிண்ட்டுக்குப் போங்க சார்."

"டேய், நான் ஹெச்.எம்.டா!"

"யாரா இருந்தாலும் போவணும் சார். ரூல்ஸ் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் போங்கள் என்று தலையாட்டினேன். போய்ப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அடங்கியது. "முடிஞ்சிருச்சு! மூணு நிமிஷம்கூட ஆவுல!" என்று கடிகாரக்காரி அறிவித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

தகவல் போய் அவள் அப்பா கம்பெனிச் சட்டையோடு வந்தார். தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டி.சி. எழுதிக் குடுத்துருங்க சார். உங்களுக்கு இன்னொரு வாட்டி தொந்தரவு வேணாம்."

தலைமை ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் விழித்தாள். சுற்றி முற்றிப் பார்த்தாள். பெஞ்சுகள் போட்ட இடத்தில் போட்டபடியே இருந்தன. தோழிகள் பக்கத்திலேயே இருந்தார்கள். நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரும் ஓடுலியா மிஸ்?" என்றாள்.

தலைமை ஆசிரியர்தான் பதில் சொன்னார்.

"நான் ஒருத்தன்தாம்மா ஓடியாந்தேன். என்னையும் மரத்தடிக்குத் தொரத்திவிட்டுட்டாங்க." பிறகு அவள் அப்பாவின் பக்கம் திரும்பினார். "டி.சி.யாவது ஒண்ணாவது. திங்கக்கிழமை மறக்காம மாத்திரையைக் குடுத்து அனுப்பு."