அம்மா ஏறிய தோணி

டவுண் நாட்டுமருந்துக் கடையில் குங்கிலியம் மணந்ததும், இன்று பாலத்தடியில் மறைந்துவிட்ட எங்கள் ஊர்த் தோணித்துறை நினைவில் எழுந்தது. தொண்ணூறுகளின் ஒரு கோடையில், நோய் முற்றிய அம்மா, கல்யாணமாகி வந்த தோணியிலேயே அக்கரையிலுள்ள பிறந்த வீட்டுக்கு ஒருதரம் போகவேண்டுமென்று கேட்க, அப்பா கரையில் கிடந்த அந்தத் தோணியின் உளுத்த பலகைகளை மாற்றி, அம்மா திரித்துக் கொடுத்த பஞ்சை இடுக்குகளில் டொக் டொக்கென்று அடித்துத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசிக்கொண்டே இருந்தார். அக்கரைக்குப் போன அன்று வழியெல்லாம் அம்மா அடிப்பலகையைத் தடவி, "ஒரு சொட்டுத் தண்ணி ஏறலியே, பாத்தியளா!" என்று சிரித்தாள்.

ஐப்பசியில் அவள் இறந்தாள். அடுத்து வந்த வெள்ளத்தில், "அண்ணாச்சி, தோணி போவுது, கயித்தப் பிடிங்க!" என்று கரையில் நின்றவர்கள் கத்தினார்கள்.

அப்பா அசையவில்லை. "இனி அது யாருக்கு?" என்றார்.