பிலோமினா எண்ணிய மரக்கறி

தம்புள்ளை மரக்கறிக்கு ஒவ்வொரு சந்தையிலும் உள்ள விலையைக் கணக்கிடும் எங்கள் புரோகிராம் காலையிலிருந்து ஒரே சந்தையைச் சுற்றிக்கொண்டிருந்ததால், அதைத் திருத்தத் தெரிந்த ஒருவரை மாத்தளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தோம். தொப்பை மேசையில் முட்டும். எங்களோடு தமிழில் பேசுவார், திரையை மட்டும் சிங்களத்தில் திட்டுவார். கம்ப்யூட்டருக்குத் தமிழ் விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ.

சந்தைகளை எண்ணும் மேக்ரோவுக்குள், அதாவது கட்டளைத் தொகுப்புக்குள், மரக்கறிகளை எண்ணும் இன்னொரு மேக்ரோ இருந்தது. இரண்டும் தங்கள் எண்ணிக்கையை 'ஐ' என்ற ஒரே பெயரில் வைத்திருந்தன. உள்ளே இருப்பது எண்ணும்போதெல்லாம் வெளியே இருப்பதன் கணக்கும் மாறிப்போனது.

"ஆமி செக்பொயின்ட்ல ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தனும் வீடு போய்ச் சேர மாட்டான் தங்கச்சி," என்றார்.

உள்ளே இருந்த பெயரை அழித்து 'பிலோமினா' என்று அடித்தார்.

"யாருங்க சேர் அது?"

"என் மாமியார், வஹகோட்டையில இருக்காங்க. அடுத்தவங்க கணக்குல கை வைக்க மாட்டாங்க, தன் கணக்க விடவும் மாட்டாங்க."

புரோகிராம் அடுத்த சந்தைக்கு நகர்ந்தது.

"திருத்தினது நீங்கன்னு உங்க பேரையும் போடுங்க சேர்," என்றேன்.

"வேணாம்மா. அந்தப் பேருல ஏற்கனவே ஒருத்தனத் தேடுறாங்க."

இன்றும் அவரை நினைத்தால் எனக்கு அவர் மாமியார் பெயர்தான் வருகிறது.