குதி என்று சொல்லிவிட்டேன்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சொன்னது ஒரே ஒரு சொல்தான். அதற்கு ஒரு மணி நேரம் தவித்தேன்.

என் மகள் செல்வியை உங்களுக்குத் தெரியும்தானே? ஆஸ்திரியாவுக்கு நர்ஸ் படிப்புக்குப் போனவள். இரண்டு வருடமாக அவளை வீடியோ காலில்தான் பார்க்கிறேன்.

அன்று மதியம் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு மலை ஏரி. பச்சைத் தண்ணீர், உச்சியில் பனி. உடனே அந்தக் கரையில் போய் உட்கார வேண்டும் போல இருந்தது... ஏரிக்காகவா? அவள் பக்கத்தில் உட்காரத்தான்.

"அப்பா, நீந்தப் போறேன். ஹன்னா போனைப் பிடிச்சுக்குவா, நீங்க பாருங்க."

ஹன்னா அவளோடு படிக்கும் பெண். செல்வியின் இடுப்பில் ஆரஞ்சு நிறக் காற்றுப் பை ஒன்று கட்டியிருந்தது. தூரத்திலிருந்தும் ஆள் தெரியுமாம், களைத்தால் பிடித்துக்கொண்டு மிதக்கலாமாம்.

இங்கே நம்ம ஊர் ஆற்றில், போட்டாதாங் படகுத்துறையில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் அவளுக்கு நீச்சல் பழக்கினேன். எங்களுக்கு ஏது காற்றுப் பை? கட்டியிருக்கும் லோன்ஜியை, அதாவது லுங்கியை, இறுக்கி முடிந்துகொண்டு குதிப்போம். உள்ளே காற்று பிடித்துப் பலூன் போல உப்பும். மெல்ல இறங்குகிறவனைத் துறையே கேலி செய்யும்.

இவளோ கணுக்கால் தண்ணீரில் நிற்கிறாள். முகத்தில் தெளிக்கிறாள். மறுபடி நிற்கிறாள். எனக்குப் பொறுக்குமா?

"என்னம்மா, கோயிலுக்குக் கால் கழுவுறியா? போட்டாதாங் புள்ள மாதிரி குதி!"

அவள் திரும்பிப் பார்த்தாள் — இங்கே கரண்ட் போய்விட்டது. வைஃபையும் போனது. போன் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது.

"கோ மணி, கடைசியா என்ன சொன்னீங்க?" என்றாள் என் மனைவி மா எய். பர்மியப் பெண், என் பேருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'கோ' போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"குதின்னு..."

"ஐயோ! பனித் தண்ணியில திடீர்னு குதிச்சா மூச்சை இழுத்துடுமாம், வாய்க்குள்ள தண்ணி போயிடுமாம். போன வாரம்தானே சொன்னா? நீங்க புட்பால் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

சின்ன வயதில் நான் சொன்னால் இரண்டாம் கேள்வி கேட்காமல் குதித்தவளாயிற்றே!

கரண்ட் வந்ததும் கூப்பிட்டேன். ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். என் பழைய லோன்ஜியைப் போர்த்தியிருந்தாள், கையில் சூடாக டீ.

"குதிச்சியாம்மா?"

"இல்லப்பா. மூச்சு சீரானப்புறம்தான் இறங்கினேன். கரையை ஒட்டியே நீந்தினேன். குளிர் நடுக்குறதுக்கு முன்னாடி ஏறிட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "உங்க பேச்சைக் கேக்கல. கோவமா?"

கோபமா! போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவள் பக்கத்தில் இன்னொரு கல் காலியாக இருந்தது.

"அது யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான். வாங்கப்பா, மெல்ல இறங்க நான் சொல்லித் தர்றேன்."

பிள்ளைகளே, தெரியாத தண்ணீரில் யார் சொன்னாலும் குதிக்காதீர்கள். சொன்னது அப்பாவாக இருந்தாலும்.

நான் இப்போதெல்லாம் குளிக்கும்போது முதல் குவளையைக் கணுக்காலில்தான் ஊற்றிக்கொள்கிறேன்... பழகி வைத்துக்கொள்ள வேண்டாமா?